ஒரே விசா, ரெண்டு முதலாளி: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கீழக்கரையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. டிக்கெட் போடுவது, விசா பிரிண்ட் எடுப்பது, பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் அங்கேதான். அதற்கு முன்னால் 17 வருஷம் துபாய் தேராவில் ஒரு டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து ஊரார் விசா விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். அதனால் ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம், தேவிபட்டினம் என்று கரையோரத்து ஆட்கள் பிரிண்ட் எடுக்க வந்தால் கையோடு ஒரு சந்தேகமும் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். முக்கால்வாசிச் சந்தேகம் ஒன்றுதான்: ஒரு விசாவில் போய் நாலு இடத்தில் வேலை பார்க்கலாமா?

வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு போட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வாயிலேயே இருக்கின்றன; எங்கள் பக்கம் 'காக்கா' என்றால் அண்ணன். சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். ஆண்டு போட்டிருக்கும் இடத்தில் அதையும் சேர்த்துப் படியுங்கள்.

1. காக்கா, விசா அடிச்சு வந்திருச்சு. இனிமே அந்த நாட்டுல யாருகிட்ட வேணாலும் வேலை பாக்கலாம்தானே?

முடியாது. ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குக் கிளம்பும் முன் மீன்வளத்துறையில் டோக்கன் வாங்குகிறார்களே, அது அந்தப் படகுக்கு மட்டும். பக்கத்துப் படகுக்காரர் அதைக் கடன் வாங்கிக்கொண்டு கிளம்ப முடியுமா? வேலை விசாவும் அந்த டோக்கன் மாதிரிதான்.

விசா என்று நாம் மொத்தமாகச் சொல்வதற்குள் ரெண்டு அனுமதி இருக்கிறது. நாட்டில் தங்குவதற்கு ஒன்று. இன்னாரிடம் இந்த வேலை பார்ப்பதற்கு இன்னொன்று. முதலாவது செல்லுபடியாக இருந்தால் ரெண்டாவதும் தானாக எல்லா இடத்துக்கும் செல்லும் என்று நினைப்பதுதான் தப்பு. பிடிபட்டவர்களில் பாதிப் பேர் சொல்வது, "என் விசா இன்னும் ஒரு வருஷம் கிடக்கே!" கிடக்கலாம். அது நீங்கள் நின்ற கடைக்கு இல்லை.

2. என் விசா யார் பேர்ல இருக்குனு எப்படிப் பாக்குறது? ஏஜென்ட் ஒரு பேர் சொல்றாரு, பேப்பர்ல வேற என்னமோ இருக்கு.

பேப்பரில் இருப்பதுதான் பேர். அமீரகத்தில் இப்போது வருகிற எமிரேட்ஸ் ஐடி அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கத்தில் தொழிலும் முதலாளி பேரும் அச்சாகியிருக்கும். சவூதியில் இக்காமா என்கிற தங்கும் அனுமதி அட்டையிலும் அப்ஷர் என்கிற அரசுச் செயலியிலும் பார்க்கலாம். ஒப்பந்தம் கிவா என்கிற அரசுத் தொழிலாளர் தளத்தில் கிடக்கும். கத்தாரில் மெத்ராஷ் செயலி, குவைத்தில் சஹல் செயலி.

போன வருஷம் ஒரு தம்பி சேல்ஸ்மேன் வேலை என்று சொல்லி விசாவைப் பிரிண்ட் போடக் கொடுத்தான். தொழில் என்ற கட்டத்தில் அரபியில் இருந்தது 'ஆடு மேய்ப்பவர்'. நான் வாசித்துச் சொன்னதும் அவன் சிரித்தான், கூட வந்த அவன் உம்மா சிரிக்கவில்லை. முதலாளி பேர், தொழில், முடியும் தேதி: இந்த மூன்றையும் கிளம்பும் முன் யாரிடமாவது வாசிக்கக் கொடுத்துவிடுங்கள்.

3. ஃப்ரீ விசா ஒண்ணு இருக்காம், ஒன்றரை லட்சம் கேக்குறாங்க. அதுல நம்ம இஷ்டத்துக்கு ரெண்டு மூணு இடத்துல பாக்கலாமாமே?

ஃப்ரீ விசா என்று எந்த நாட்டுச் சட்டத்திலும் ஒரு வகை கிடையாது. இது ஏஜென்டும் நம் சொந்தக்காரர்களும் சேர்ந்து வைத்த பேர். அங்கே ஒருத்தர் பேரில் ஒரு லைசென்ஸ் இருக்கும். அதில் நாலு ஆள் எடுக்க இடம் இருக்கும், ஆனால் நாலு ஆளுக்கு வேலை இருக்காது. அந்த இடத்தை விற்கிறார். நீங்கள் போய் இறங்கியதும் "எங்க வேணா போ, வருஷா வருஷம் பணத்தைக் கட்டிரு" என்பார். கேட்க நல்லாத்தான் இருக்கும்.

சட்டத்தின் கண்ணில் இது என்ன? சவூதி தொழிலாளர் சட்டத்தின் 39ஆவது பிரிவு, முதலாளி தன் ஆளை வேறொருவரிடம் வேலைக்கு விடக்கூடாது என்கிறது. ஆளும் வேறொருவரிடமோ தன் சொந்தக் கணக்கிலோ வேலை பார்க்கக்கூடாது. விட்ட முதலாளிக்கு 1 லட்சம் ரியால் வரை அபராதம், சொந்தமாகத் தொழில் செய்து பிடிபட்ட வெளிநாட்டுக்காரருக்கு 50,000 ரியால் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அதோடு நாடு கடத்தல் என்று அந்த நாட்டு உள்துறை அமைச்சு திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது. அமீரகத்தில் 2024இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத ஆளை வேலைக்கு வைத்த முதலாளிக்கு 1 லட்சம் திர்ஹாமிலிருந்து 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். முதலாளிக்கு அவ்வளவு என்றால், இன்ஸ்பெக்டர் உள்ளே வரும்போது அவர் முதலில் யாரைத் தெரியாது என்பார்? யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம் கேட்கிறவர் பதிவு எண்ணைக் காட்ட மாட்டார். கேட்டுப் பாருங்கள், அந்த இடத்திலேயே பேச்சு மாறும்.

4. நீங்க மட்டும் யோக்கியமா காக்கா? நீங்க பாக்கலையா பார்ட்டைம்?

பார்த்தேன். போன புதிதில் சம்பளம் பற்றாமல், பகலில் டைப்பிங் சென்டர், ராத்திரி ஒரு பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில். மூன்று மாதம் ஓடியது. ஒரு நாள் ராத்திரி விலை ஒட்டுகிற மெஷினோடு பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தேன், ரெண்டு பேர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள். கையில் இருந்த மெஷினைப் பக்கத்தில் வாய் திறந்து கிடந்த கோதுமை மாவு மூட்டைக்குள் சொருகிவிட்டு, ரெண்டு குப்பூஸ் ரொட்டிப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன், வாங்க வந்தவன் மாதிரி. தப்பித்துவிட்டேன். கூட நின்ற மலையாளிப் பையன் மாட்டிக்கொண்டான், எப்ரனைக் கழற்ற அவனுக்கு நேரமில்லை. அந்தக் கடையில் அன்றைக்கு எனக்கு வர வேண்டிய சம்பளம் இன்று வரை வரவில்லை. கேட்கவும் இல்லை.

5. அப்ப ரெண்டு முதலாளிகிட்ட வேலை பாக்க வழியே இல்லையா?

இருக்கிறது. ரெண்டாவது இடத்துக்கும் ஒரு பேப்பர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அமீரகத்தில் 2022 பிப்ரவரி 2ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம் பகுதிநேர வேலையை ஒரு வகையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தொழிலாளர் அமைச்சில் பகுதிநேர வேலை பெர்மிட் என்று இருக்கிறது; அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள் இல்லை, உங்களைச் சேர்க்கிற ரெண்டாவது கம்பெனி. "முதல்ல சேந்து நில்லு, பெர்மிட் அப்புறம் பாப்போம்" என்றால் அது 4ஆம் கேள்வியில் சொன்ன பக்காலா கதைதான்.

குவைத்தில் 2024 ஜனவரியிலிருந்து பகுதிநேர அனுமதி கொடுக்கிறார்கள். முதல் முதலாளி சம்மதிக்க வேண்டும், சஹல் செயலி வழியாகப் போட வேண்டும், ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் கூடாது. கட்டுமான ஒப்பந்த வேலைக்கு மட்டும் அந்த நேர வரம்பு இல்லை. கட்டணம் ஒரு மாதத்துக்கு 5 தினார், மூன்று மாதத்துக்கு 10, ஆறு மாதத்துக்கு 20, ஒரு வருஷத்துக்கு 30 என்று அறிவித்தார்கள். ஃப்ரீ விசாக்காரருக்கு வருஷா வருஷம் கொட்டுகிற காசோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், எனக்கு வயிறு எரிகிறது. கத்தாரில் முதலாளி எழுத்தில் சம்மதித்து அமைச்சும் அனுமதித்தால் வேலை நேரத்துக்கு வெளியே இன்னொருவரிடம் பார்க்கலாம்.

சவூதியில் இதற்கு அஜீர் என்று பேர். ஒரு கம்பெனி தன் ஆளை இன்னொரு கம்பெனிக்குக் கொஞ்ச நாள் கொடுப்பதை அரசுத் தளத்தில் பதிவு செய்து நோட்டீஸ் எடுக்கும் முறை. பஹ்ரைனில் 2017இல் ஃப்ளெக்ஸி பெர்மிட் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், முதலாளியே இல்லாமல் தன் பேரில் எடுத்துக்கொள்ளலாம். நம் ஆட்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள். 2022 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டு வேறொரு தொழிலாளர் பதிவு முறை கொண்டுவந்தார்கள். இன்னமும் "பஹ்ரைன் ஃப்ளெக்ஸி இருக்கு" என்று பணம் கேட்கிறவரிடம் இந்த ஆண்டைச் சொல்லுங்கள்.

6. மொத முதலாளி என்.ஓ.சி. எழுதிக் குடுத்து ஸ்டாம்பும் வச்சுட்டாரு. அது போதாதா?

போதாது. என்.ஓ.சி. என்றால் "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்பது மட்டும். அரசாங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை என்பதற்கு அரசாங்கம்தான் பேப்பர் கொடுக்க வேண்டும். முன் கேள்வியில் சொன்ன பெர்மிட்டுக்கு அந்தக் கடிதம் ஒரு படி. சில இடத்தில் அந்தப் படியே தேவைப்படாது. கடிதத்தை மட்டும் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு திரிகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மடித்த இடத்தில் கிழிந்து, ஸ்டாம்பு மட்டும் நன்றாகத் தெரியும்.

7. எங்க அர்பாபுக்கு ரெண்டு கடை. ஒண்ணு அவர் பேர்ல, இன்னொண்ணு அவர் தம்பி பேர்ல. என்னை மாத்தி மாத்தி நிக்க வைக்கிறாரு. முதலாளி ஒருத்தர்தானே?

உங்களுக்கு ஒருத்தர். சட்டத்துக்கு ரெண்டு லைசென்ஸ். எந்த லைசென்ஸில் உங்கள் பேர் ஏறியிருக்கிறதோ அந்த இடத்தில்தான் நீங்கள் ஆள்; தம்பி கடையில் நிற்கும்போது பேப்பர் இல்லாத ஆள். ஒரே லைசென்ஸின் கிளை என்றால் கதை வேறு, அதற்கும் அந்தக் கிளை அந்த லைசென்ஸோடு பதிவாகியிருக்க வேண்டும்.

இதில் உங்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, அர்பாப் போ என்றால் போகத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் அனுப்பியது அவர்தான் என்பதற்கு ஒரு அடையாளம் இருக்கட்டும். "நாளைக்கு நான் எந்தக் கடைக்கு வரணும் பாஸ்?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேளுங்கள், அவர் பதில் போடுவார். அந்தப் பதிலை அழிக்காதீர்கள்.

8. நான் சப்ளை கம்பெனில இருக்கேன். மாசத்துக்கு ஒரு சைட். அப்ப நானும் மாட்டுவேனா?

பதிவு பெற்ற ஆள் சப்ளை கம்பெனி என்றால் உங்களுக்கு முதலாளி ஒருத்தரே. சம்பளம் போடுவது அவர், விசா அவருடையது. சைட்டுக்காரர் வெறும் வாடிக்கையாளர். சவூதியில் என்றால் அந்த சைட்டுக்கு 5ஆம் கேள்வியில் சொன்ன அஜீர் நோட்டீஸ் எடுத்திருக்கிறார்களா என்று சூப்பர்வைசரிடம் கேட்டு, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தை சைட்டுக்காரரே கையில் கொடுக்கிறார், சப்ளை கம்பெனி அதில் கமிஷன் வெட்டுகிறது என்றால் அது சப்ளை கம்பெனி இல்லை. பேரை மாற்றிக்கொண்ட ஃப்ரீ விசா.

9. சிங்கப்பூர்ல ஒர்க் பர்மிட். ஞாயித்துக்கிழமை சும்மாதான் கெடக்கேன். சிராங்கூன் ரோட்டுல தெரிஞ்சவங்க கடையில சாயந்தரம் மட்டும் நிக்கவா?

நிற்காதீர்கள். வளைகுடாவில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள், சிங்கப்பூரில் அதுவும் இல்லை. ஒர்க் பர்மிட்டில் எழுதியிருக்கிற முதலாளி, எழுதியிருக்கிற தொழில், அதோடு சரி. பாஸ் இல்லாமல் வேலை பார்த்ததாகத் தீர்ப்பானால் ஆளுக்கு 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதமோ ரெண்டு வருஷம் வரை சிறையோ ரெண்டுமோ. வைத்த முதலாளிக்கு 5,000 முதல் 30,000 டாலர் வரை அபராதம், ஒரு வருஷம் வரை சிறை. "காசு வாங்கல, ஒத்தாசைக்கு நின்னேன்" என்பதை அங்கே யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள்.

மலேசியாவிலும் பாஸில் முதலாளியும் துறையும் இருக்கும். தோட்டத்துக்கு எடுத்த பாஸோடு கோலாலம்பூரில் உணவுக்கடையில் நின்றால் அது பாஸை மீறியது. அங்கே பாஸ் இல்லாத ஆளை வைத்த முதலாளிக்கு ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை. நாசி கண்டார் சோற்றுக் கடைகளில் நம் கரையோரத்து ஆட்கள் எத்தனை பேர் என்று சொல்லவே வேண்டாம், அதனால்தான் சொல்கிறேன்.

10. விசிட் விசாவுல போய் ரெண்டு மாசம் வேலை பாத்துக் காட்டுனா, புடிச்சுப்போய் விசா போட்டுத் தருவாங்களாமே?

வேலை தேடலாம், பேட்டிக்குப் போகலாம். வேலை பார்க்கக் கூடாது. 'டிரையல்' என்று சொல்லி ரெண்டு மாதம் உழைக்க விட்டு அனுப்பியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பத்தாவது தேறாதவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது குடியகல்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு, இருக்கும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் சேர்த்து 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் குடியகல்வு அனுமதி எடுக்க வேண்டும். விசிட்டில் போவது இந்த அனுமதியைச் சுற்றிக்கொண்டு போவது. அங்கே பிரச்சினை வந்தால் உங்களைப் பற்றிய ஒரு தாளும் இந்திய அரசிடம் இருக்காது.

11. ஹவுஸ் டிரைவர் விசா. எங்க வீட்டு ஆளுங்க கோடையில மூணு மாசம் வெளிநாடு போயிருவாங்க. அந்த நேரத்துல வேற வீட்டுக்கோ கடைக்கோ ஓட்டலாமா?

வீட்டு விசா தனி ஜாதி. கம்பெனி ஆட்களுக்கான சட்டம் இதற்குப் பொருந்தாது; அமீரகத்தில் வீட்டு வேலையாட்களுக்கென்று 2022இல் தனிச் சட்டமே வந்தது. 5ஆம் கேள்வியில் சொன்ன பகுதிநேரக் கதவுகள் உங்களுக்குத் திறந்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சவூதியில் 2021இல் வந்த கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) மாற்றச் சலுகையும் வீட்டு டிரைவர்களுக்குக் கிடையாது. மூன்று மாதமும் வண்டியைத் துடைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அந்த மாதங்களுக்கும் சம்பளம் உண்டா என்பதைப் போகும் முன்பே பேசி வாங்குங்கள்.

வீட்டு வேலைக்குப் போகிற லாத்தாமார்களுக்கும், அதாவது அக்காமார்களுக்கும், இதேதான். மேடம், "என் தங்கச்சி வீட்டையும் பெருக்கிட்டு வா" என்று அனுப்பினால் 7ஆம் கேள்வியில் சொன்ன வாட்ஸ்அப் யோசனையைச் செய்யுங்கள். பல வீடுகளுக்கு மணிக்கணக்கில் போய் வேலை செய்ய ஆசை என்றால், அதற்கு லைசென்ஸ் உள்ள கம்பெனிகள் அங்கே இருக்கின்றன; அந்தக் கம்பெனி விசாவிலேயே போக வேண்டும்.

12. அண்ணே, எங்க வீட்டுக்காரரு மீன்பிடி விசாவுல போயிருக்காரு. இப்ப ஓனரோட கூட்டாளி போட்டுல ஏறச் சொல்றாங்களாம். கடல்ல யாரு செக் பண்ணப் போறா?

மண்டபத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சி கேட்டது. தடைக்காலம் 61 நாள், வீட்டில் வருமானம் இல்லை, அந்த நேரத்தில் கிளம்பிப் போனவர் அவள் வீட்டுக்காரர். கடலில்தான் அதிகமாகச் செக் பண்ணுவார்கள் தங்கச்சி. ஒவ்வொரு படகிலும் யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்று பட்டியல் உண்டு. கடலோரக் காவல்படையினர் படகை நிறுத்தினால் முதலில் கேட்பது அதைத்தான். உங்கள் வீட்டுக்காரர் பேர் அதில் இல்லை என்றால், அவர் அங்கே யார் என்று அவராலேயே சொல்ல முடியாது.

வளைகுடாக் கடலிலும் நம் பாக் நீரிணை மாதிரியே எல்லைகள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஈரானில் கூலிக்கு மீன்பிடித்த திருநெல்வேலி மாவட்ட மீனவர்கள் 28 பேர் 2024 செப்டம்பரில் பஹ்ரைன் கடலோரக் காவலிடம் மாட்டினார்கள். கச்சத்தீவுப் பக்கம் போய் மாட்டினவர்கள் கதையை நம் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளைகுடாவில் கூடுதலாக ஒன்று: எல்லை தாண்டிய வழக்கோடு, பேர் இல்லாத படகில் இருந்த வழக்கும் சேரும். பட்டியலில் தன் பேர் ஏறாத படகில் கால் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓனர் கோபப்பட்டால் படட்டும்.

13. நான் யாருகிட்டயும் வேலை பாக்கல. ரூம்ல சோறாக்கி இருபது பேருக்கு மெஸ் நடத்துறேன். இதுல என்ன தப்பு?

மீன் குழம்பு நல்லா இருக்கும் என்று எனக்கும் தெரியும். தேராவில் எட்டு வருஷம் அப்படி ஒரு மெஸ்ஸில்தான் சாப்பிட்டேன். ஆனால் 3ஆம் கேள்வியில் சொன்ன 'சொந்தக் கணக்கு' என்பது இதுதான். மேலே உணவு லைசென்ஸ், கட்டடத்துக்காரர் விதி என்று வேறு இருக்கிறது. ரூம் ஆட்கள் நாலு பேர் காசு போட்டு முறை வைத்துச் சமைப்பது வேறு, மாதச் சந்தா வாங்கி டிபன் கேரியர் அனுப்புவது வேறு. ரெண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

14. ரெண்டாவது இடத்துல நாலு மாசச் சம்பளம் நிக்குது. புகார் குடுத்தா நானே உள்ள போயிருவேனா?

பெர்மிட் எடுத்துப் பார்த்த வேலை என்றால் பயமே வேண்டாம். முதல் முதலாளி மேல் புகார் கொடுப்பது போலவே தொழிலாளர் அமைச்சில் கொடுக்கலாம்.

பெர்மிட் இல்லை என்றால் நிலைமை சிக்கல்தான், மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் வாயைத் திறந்தால் உங்கள் மீறலும் வெளியே வரும். அந்த முதலாளி சம்பளத்தை நிறுத்தியதே அந்தத் தைரியத்தில்தான். அவருக்குப் போடக்கூடிய அபராதம் உங்கள் நாலு மாதச் சம்பளத்தைப் போலப் பல மடங்கு என்பதை அவரிடம் நிதானமாக, ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு ஒருமுறை பேசிப் பாருங்கள். பாதிக் கணக்குகள் அதிலேயே தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். தீரவில்லை என்றால் தனியாக அமைச்சுக்குப் போகாதீர்கள், முதலில் இந்தியத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவில் கேளுங்கள். இங்கிருந்து வீட்டார் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். அது நம் வெளியுறவு அமைச்சுடையது, 'உதவி' என்று அர்த்தம், பேரைப் பார்த்து மிரள வேண்டாம். அயலகத் தமிழர் நலத்துறையிலும் மனு கொடுக்கலாம்.

15. வேற சைட்டுல விழுந்து கால் ஒடிஞ்சிருச்சு. இன்சூரன்ஸ் வருமா?

ஈசிஆர் பாஸ்போர்ட்டில் அனுமதி எடுத்துப் போனவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், மேலே வரி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். முதலாளியோ இடமோ மாறினாலும் இது செல்லும். சாதாரண எலும்பு முறிவுக்கு அந்த 10 லட்சம் வராது.

அங்கத்து முதலாளி தர வேண்டிய விபத்து நஷ்டஈடுதான் பெரிய தொகை, அது நீங்கள் அவருடைய வேலையில் இருந்தபோது நடந்ததா என்பதைப் பொறுத்தது. விசாக்காரர் "என் சைட்டில் நடக்கவில்லை" என்பார், சைட்டுக்காரர் "என் ஆள் இல்லை" என்பார். பெர்மிட்டோ அஜீர் நோட்டீஸோ இருந்தால் ரெண்டாவது ஆள் அப்படிச் சொல்ல முடியாது. 5ஆம் கேள்வியில் அந்தத் தாளுக்கு அவ்வளவு அழுத்தம் கொடுத்தது இதற்காகத்தான்.

16. வேற இடத்துல பாத்தது தெரிஞ்சு கஃபீல் ஹுரூப் போட்டுட்டாரு. இனிமே ஊருக்குக்கூட வர முடியாதா?

வர முடியும், கதவு மூடவில்லை. ஹுரூப் என்றால் 'ஆள் ஓடிவிட்டான்' என்று முதலாளி பதிவது. சவூதியில் 2022 கடைசியிலிருந்து கிவாவில் 'வேலைக்கு வரவில்லை' என்று ஒப்பந்தத்தை முடிக்கும் முறை வந்திருக்கிறது. அப்படிப் பதிவானால் வேறு முதலாளிக்கு மாறவோ எக்ஸிட் (வெளியேறும் அனுமதி) அடித்து ஊருக்கு வரவோ 60 நாள் அவகாசம். பலர் அந்த அறுபது நாளையும் ஒளிந்தே கழித்துவிடுகிறார்கள். அப்ஷரைத் தினமும் திறந்து பாருங்கள்.

பொய்யாகப் போட்டிருந்தால் எதிர்க்கலாம். போட்ட தேதியில் நீங்கள் அவரிடமே வேலையில் இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும்: வங்கியில் விழுந்த சம்பளம், வருகைப் பதிவு, 7ஆம் கேள்வியில் சொன்ன அந்த வாட்ஸ்அப் வரி. இந்த மூன்றும் இல்லாமல் 'சத்தியமா நான் ஓடல' என்று மட்டும் சொல்வதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்கூடத் தேவையில்லை, எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள்.

17. நாலு வருஷமா ஃப்ரீ விசாலதான் ஓடுது காக்கா. இப்ப நேர் பண்ணிக்க முடியுமா, இல்ல கடைசி வரைக்கும் இப்படித்தானா?

முடியும், ஆனால் வரிசையைக் குழப்பக் கூடாது. நீங்கள் உண்மையில் வேலை பார்க்கிற இடத்துக்காரரிடம் முதலில் பேசி, அவர் பேருக்கே மாற்றிக்கொள்ளுங்கள். சவூதியில் 2021 மார்ச் 14 முதல், ஒரு முதலாளியிடம் ஒரு வருஷம் முடித்த கம்பெனி ஆள், அவர் சம்மதம் இல்லாமலே கிவா வழியாக மாறலாம். கத்தாரில் 2020 திருத்தத்தோடு என்.ஓ.சி. கட்டாயம் போய்விட்டது. புதியவர் ஆஃபர் போடாமல் பழையவரிடம் 'நான் போறேன்' என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த நாள் 16ஆம் கேள்விக்கு வந்துவிடுவீர்கள்.

விசாவே முடிந்துபோய்க் கிடக்கிறவர்கள் பொதுமன்னிப்பு வருமா என்று கேட்கிறார்கள். 2024இல் குவைத் மார்ச் 17 முதல் ஜூன் 30 வரையும், அமீரகம் செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையும் கொடுத்தன. அடுத்தது எப்போது என்று நம்பி உட்கார முடியாது. அமீரகத்தில் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் ஏறிக்கொண்டேயிருக்கும்.

18. சரி, கெளம்புறதுக்கு முன்னாடி உங்க கடைக்கு என்னென்ன கொண்டு வரணும்?

பாஸ்போர்ட், விசா பிரிண்ட், ஆஃபர் கடிதம், ஒப்பந்தம். போனில் இருக்கிற படமாக வேண்டாம், அந்தப் படத்தில் பாதி எழுத்து தெரியாது. ஏஜென்டிடம் பிடிஎஃப் கேளுங்கள், தரவில்லை என்றால் அதுவே எனக்குப் பாதித் தகவல். ஆஃபர் கடிதத்தில் இருக்கும் முதலாளி பேரும் விசாவில் இருக்கும் பேரும் ஒன்றா என்று பத்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவேன். வாசிக்கக் காசு கிடையாது, பிரிண்டுக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத்தான் கடை திறப்பேன், அதற்கு முன் ஷட்டரைத் தட்ட வேண்டாம்.